போகாத பியூஸ்

ஆகஸ்ட் பதினேழு, பிற்பகல் மூன்று இருபது. கஹவத்தைப் பாதையில் சாரல் மழை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாட்டுப் போடுவதற்காக என் பழைய வேனில் ஆம்பிளிஃபயர் பூட்டியிருந்தேன். ஆளுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல் வயரிங்கை நானே செய்தேன். பேட்டரி முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. பியூஸ் மாற்ற ஒவ்வொரு முறையும் சீட்டைத் தூக்க இந்த இடுப்பால் முடியாது என்று, பியூசைப் பின்னால் ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க, சீட்டு சுடுதுங்க" என்றாள் முன்சீட்டில் இருந்த மனைவி.

"மழைக்கு இதமாத்தானே இருக்கும்? அறுபது ஆம்ப் பியூஸ் போட்டிருக்கேன். ஏதாச்சும்னா அது போயிரும்."

"அதுக்கு முன்னாடி நான் போயிருவேன் போல!"

திரும்பிப் பார்த்தேன். பியூஸ் போகவில்லை. தொடர்ந்து ஓட்டினேன்.

அடுத்த வளைவில் அவள் அலறினாள். சீட்டுக்கு அடியில் புகை. வேனை நிறுத்திவிட்டு, புத்தி கெட்டுப்போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த திரீவீல்காரர்தான், "பஹின்ன நோனா!" என்று சிங்களத்தில் கத்தி அவளை இறக்கி, சீட்டைத் தூக்கி வயரை வெட்டினார்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே வயர் தகரத்தில் உரசித் தோல் கிழிந்திருந்தது. மின்சாரம் பியூசை எட்டாமல் அங்கேயே தகரத்தில் இறங்கியதால், எரிந்தது பின்னாலிருந்த பியூசுக்குத் தெரிய வழியே இல்லை.

இப்போது வயரின் பருமனுக்கேற்ற பியூஸ், பேட்டரியை ஒட்டியே இருக்கிறது. மனைவி பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். சூடுபட்ட அவள் காலுக்கு வாங்கிய களிம்பையும் சேர்த்துச் செலவு நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.