மலை ஆறு மணிக்குள்

எங்கள் குடியிருப்பின் போன் குரூப்பில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் தினமும் ஒரு ரோஜாப்பூவோடு 'இனிய மலை வணக்கம்' அனுப்புகிறார். 'மாலை'யில் போடவேண்டிய கால் விட்டுப்போகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் எந்த மலைக்கு வணக்கம் சார் என்று மற்றவர்கள் ஓட்டுகிறார்கள். இந்தக் கிண்டலில் ஒரு காலத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது அந்த மெசேஜ் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

சலீம்தான் காரணம். தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் தண்ணீர் மோட்டார் விற்கும் ஒரு கம்பெனியில் நான் பில் போடும் குமாஸ்தா, அவன் சேல்ஸ்மேன். நான் மந்தைவெளி, அவன் ராயப்பேட்டை. வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் பாஷை. எழுத உட்கார்ந்தால் மட்டும் தமிழுக்கும் அவனுக்கும் ஓயாத கால் தகராறு. 'வாங்கினார்' என்று வாய் சொல்லும், கை 'வங்கினர்' என்று எழுதும். அவனிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

கார்பன் பேப்பரின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மெழுகுவத்தியில் மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கெட்டுப்போன பில்லின் பின்பக்கத்தில் கார்பன் வைத்து நாங்கள் மலைப் பயணம் ஒன்றைத் திட்டம் போட்டோம். அவனுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒன்று. முதல் நாள் ஆம்பூரில் பிரியாணி, அப்புறம் ஏலகிரி, பதினான்கு கொண்டை ஊசி வளைவு. அடுத்து ஏற்காடு, இருபது. கடைசியில் கொல்லிமலை, எழுபது! மலையையே பார்க்காத எனக்கு எழுபது என்ற எண்ணிலேயே தலை சுற்றியது. நடுவில் வருகிற சின்னச் சின்ன ஊர்களில் எங்கே டீ, எங்கே பஞ்சர் கடை என்று சலீம் விசாரித்து விசாரித்துக் குறித்தான்.

ஒவ்வொரு நாளின் முடிவிலும் அவன் கைப்பட ஒரே வரி. 'மலை 6 மணிக்குள் ரூம்.'

"ஏம்ப்பா, மலைய ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்களா?"

"மாலைடா, மாலை. படிக்கத் தெரிஞ்சா படி, இல்லாட்டி வுடு."

"ஆறேகால் ஆனா பரவால்லயா? வீட்ல தேடுவாங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான். அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்தும் ஐந்தரைக்கே கம்பி நீட்டிவிடுவான். ஏதோ ஒரு பெண் விவகாரம் என்று நானாக முடிவு கட்டி, அதற்கும் சேர்த்து ஓட்டினேன்.

ஒரு மழை நாள். சாயங்காலம் கிளம்பத் தாமதமாகி, நாங்கள் படி இறங்கும்போது பாண்டி பஜார் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, எனக்குப் படி நன்றாகத் தெரிந்தது. சலீம் மட்டும் நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டான்.

"கை குடு நைனா."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். கையைப் பிடித்ததும் காலால் அடுத்த படியைத் தடவித் தேடினான்.

"லைட்டு போச்சின்னா எனக்கு ஒண்ணும் தெரில. மாலைக்கண்ணாம். பக்கவாட்டுலயும் குறைஞ்சிக்கினே வருதாம். மருந்து இல்லன்னுட்டாரு டாக்டரு."

"எப்பலேர்ந்து?"

"வேலையே வண்டிலதான் கீது. ஆபீஸ்ல சொல்லிடாத."

சொல்லவில்லை. வேறு எதுவும் செய்யவும் இல்லை. அம்மாவைக் கேட்டு முருங்கைக்கீரை, கேரட், மீனெண்ணெய் என்று அடுக்கினேன். அவன் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"பகல்ல இன்னும் தெரியுது. நீ ஓட்டு, நான் பின்னால குந்திக்கினு பாத்துக்கினே வரேன். அதுவும் போறதுக்குள்ள கத்துக்கோ."

பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையில், காலை வேளைகளில் பாடம் நடந்தது. புல்லட்டை உதைத்தால் அது திரும்ப என்னை உதைத்தது. ஒருநாள் வண்டியோடு சாய்ந்ததில் சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. "எழுத்துல எனக்குக் கால் போவுது, வண்டில உனக்குப் போவுதா?" என்று மஞ்சள் பற்றுப் போடும்போது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துவிட்டேன். புண் ஆறட்டும் என்றேன், பிறகு மழை என்றேன், பிறகு அக்கா கல்யாணம் என்றேன். அவன் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

அடுத்த வருஷம் வண்டியை விற்றான், வேலையை விட்டான், வாணியம்பாடியில் அக்கா வீட்டோடு போய்விட்டான். போய்ப் பார்த்தேன், பஸ்ஸில்தான். மொட்டை மாடியில் நின்றால் ஏலகிரி தெரியும். "அதோ கீது பாரு" என்று காட்டினான். சரியான பக்கம்தான் காட்டினான். "தெரியுதாடா?" என்று கேட்பதற்குப் பதில், பதினான்கு வளைவுதானே என்றேன்.

எங்கள் கம்பெனி இருந்த கட்டடத்தில் இப்போது துணிக்கடை. பில்லை இயந்திரம் துப்புகிறது, கார்பன் பேப்பர் கேட்டால் கடைப் பையன் முழிக்கிறான். என்னிடம் இருந்த பிரதி வெளுத்து, வெறும் பில்லாகிவிட்டது. என் கெண்டைக்கால் வடு மட்டும் அப்படியே இருக்கிறது.

சலீமுக்கு இப்போது பகலும் தெரியாது. பேசினால் எழுதிக்கொள்கிற, வந்ததைப் படித்துச் சொல்கிற போன் வைத்திருக்கிறான். அதற்குப் புரியவேண்டுமே என்று பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறானாம். நேற்று வந்தது:

'மாலை வணக்கம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாயா?'

நைனா இல்லை, கீது இல்லை. ஒரு கால்கூட விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருக்காதா என்று இரண்டு தடவை தேடினேன். பிறகு 'இல்லை' என்று அடித்து அனுப்பினேன். யாரோ ஒரு பெண் குரல் அதை அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கும்.