செங்கோடன் மரத்தடியில் படுத்தது

முப்பத்தொன்றாம் வருசம் ஆனி மாசம் செங்கோடன் பலா மரத்திலிருந்து விழுந்தார். அவர் என் அக்காள் பாவாயியின் புருசன். எங்கள் மலையில், தேவனூர் நாட்டிலேயே அவர்தான் பெரிய மரமேறி என்றெல்லாம் சொல்லமாட்டேன், வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பழத்தை நார்க்கயிற்றில் கட்டி, அடிபடாமல் இறக்குவதில் அவர் கெட்டிக்காரர். அன்றைக்கு மழை ஈரம், பாசி வழுக்கிவிட்டது. இரண்டாள் உயரம்தான். மல்லாக்க விழுந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மரத்திலிருந்து விழுந்தவனை மண்ணில் கிடக்க விடக்கூடாது. கிடந்தால் மரத்தில் குடியிருக்கும் கருப்பு அவனை எடுத்துக்கொள்ளும். உடனே தூக்கி நிறுத்தி, மரத்தை மூன்று சுற்று நடத்திவிட வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் தூக்கினோம். "இருங்கடா, கால் வெரல் ஆடுதுடா, செத்த நேரம் கெடக்கறேன்" என்று அவர் சொல்லச் சொல்லத் தூக்கினோம். இரண்டாவது சுற்றில் ஒரு அலறல். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போது அவருக்கு முப்பது வயசு. சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கையை ஊன்றி நகர்வார். மூத்திரம் போவது தெரியாது. புண் வரும், அக்காள் வேப்பிலை அரைத்துப் பூசுவாள். இரண்டு வருசம் யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் அக்காள் கவணைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"கையி ரெண்டும் நல்லாத்தானே இருக்குதுங்க? கொரங்கு கேப்பையத் திங்குது, நீங்க என்னையத் திங்கறீங்க."

சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கேப்பைக் காட்டுக்குக் காவல் அவர்தான். எறிந்த கல் தப்பாது.

விழுந்து ஒன்பது வருசம் கழித்து, தை மாசம், என் தம்பி சாமியப்பன் காட்டோரத்து மரத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தான். ஏணி சரிந்தது. முதுகு வேரில் அடிக்க விழுந்தான், மண்டை கல்லில் பட்டு ரத்தம். ஓடினோம். என் அம்மா பாப்பாயி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"தூக்குங்கடா! கருப்பு கொண்டுக்கிட்டுப் போயிரும்டா!"

நான் குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தேன். என் முழங்கையில் சுளீரென்று ஒரு கல். பார்த்தால் நாற்பதடி தூரத்தில் செங்கோடன், கவணில் அடுத்த கல்லோடு.

"தொட்டீன்னா மண்டையில போடுவேன் மாப்ளே! கையெடு!"

அந்த நாற்பதடியும் கேப்பைத் தாளை ஒடித்துக்கொண்டு நகர்ந்தே வந்தார். அம்மா அவர் மேல் பாய்ந்தாள்.

"உனக்குத்தான் விதி அப்பிடி ஆச்சு, எம்பையனையும் கெடத்தப் பாக்கறியா?"

"இல்லீங்க அத்தை. நானும் கூடக் கெடக்கறேன். கருப்புக்கு ஆளு வேணும்னா என்னை எடுத்துக்கட்டும்."

சொன்னபடியே தம்பிக்குப் பக்கத்தில் மண்ணில் நீட்டிப் படுத்துவிட்டார். அவர் தம்பி காதருகே பேசினார்.

"சாமி, தலையத் திருப்பாதே. கால் வெரல ஆட்டு. ஆட்டு கண்ணு."

பெருவிரல் ஆடியது.

"நம்ம ஊட்டுக் கதவக் கழட்டிக் கொண்டாங்கடா. நாலு பேராச் சேந்து சமமாப் புடிச்சு, ஒடம்பு வளையாம அதுல நகத்துங்க."

மண்டைக்குத் துணி கட்டி, கதவோடு சேர்த்து அவனைக் கட்டி, பொழுது சாய்வதற்குள் மலையடிவாரம் புளியஞ்சோலைக்கு இறக்கினோம். அங்கிருந்து வண்டியில் வைக்கோல் பரப்பி டவுன் ஆஸ்பத்திரிக்கு. முதுகெலும்பு விரிசல் விட்டிருக்கிறது, நரம்பு தப்பியிருக்கிறது, அசைக்காமல் கொண்டுவந்ததால் ஆச்சு என்றார் டாக்டர்.

நாலு மாசம் கழித்துத் தம்பி தடியூன்றி மலையேறி வந்தான். ஒரு காது கேட்காது, மற்றபடி ஆள் முழுசு. நேரே செங்கோடனிடம் போனான், கூட நானும். செங்கோடன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தார்.

"நட" என்றார். நடந்தான். "இன்னொருக்கா நட." நடந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நான் விழுந்த அன்னைக்கு நீ எந்தப் பக்கம் புடிச்சே மாப்ளே?"

அத்தனை வருசத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

"எடது கக்கம், மச்சான்."

கவணைக் கையில் சுற்றிச் சுருட்டினார். பிறகு, "தெரியாமத்தானே புடிச்சே" என்றார். "எந்திரி. அவன் மேட்டுல ஒத்தையா ஏறறான், கூடப் போ."

போனேன்.