அக்காவுக்கு நான் பொறுக்கிய கருப்பு அங்கி

என் எழுதுபெட்டியின் அடியில் ஒரு கருப்புப் பட்டுத் துண்டு கிடக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். அக்காவுக்கு அந்த அங்கி நீளமாக இருந்ததால் தையற்காரன் அடியில் வெட்டிப் போட்டது. அவன் போட்டதை நான் எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

அக்கா கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன முதல் புருஷன் திரும்பவில்லை. கைக்குழந்தையான மகளோடு பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். கிடங்கு அதிகாரி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பிறகு ஞானஸ்நானம் கொடுத்து, மோதிரம் மாற்றிக் கல்யாணமும் செய்துகொண்டார். கெட்ட மனிதர் அல்லர். அவர் தயவில்தான் நான் ஒல்லாந்து மொழி படித்து, அவர்கள் பேச்சை நம்மவர்களுக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாசிக்கு உதவியாளனானேன். மீன் கூடை சுமக்க வேண்டிய தலை இது. அதற்குள் எழுத்து ஏறியது அக்காவால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததை அளக்க இது வேண்டும்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியபோது அதிகாரிக்குக் கடல் கடந்த பத்தாவியாவில் பெரிய பதவி வந்தது. மனைவியும் பெரிய இடத்துப் பெண்களோடு சரியாசனம் உட்கார வேண்டிய பதவி. புறப்படுமுன் கோட்டைத் தலைவர் வீட்டில் இரவு விருந்து. “அங்கே அவள் சபைக்குப் பொருந்தினால் கூட்டிப் போவேன். பொருந்தாவிட்டால் இந்த வீட்டை அவளுக்கே விட்டுவிட்டுத் தனியாகப் போவேன்” என்று அதிகாரி என்னிடம் சொன்னார். அவள் வந்தால் அவள் தம்பியும் மதிப்பாக இருக்க வேண்டும், உன்னைத் துபாசியாக்கிவிட்டே கப்பலேறுவேன் என்றும் சொன்னார். முதலில் சொன்னது அக்காவுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது.

கோட்டையில் ஒல்லாந்துச் சீமாட்டி யாராவது இறந்தால் அவள் உடுப்புகள் ஏலத்துக்கு வரும். அப்படி வந்ததில் இரண்டு அங்கிகளை அதிகாரி விருந்துக்கென்று அக்காவுக்கு வாங்கி அனுப்பியிருந்தார். ஒன்று மஞ்சள், உடம்பெல்லாம் பூவும் நாடாவும். மற்றது பூவேலை இல்லாத கருப்புப் பட்டு. அக்கா கதவைச் சாத்தினாள்.

“டேய், எதப் போட்டா இவங்க என்னப் பாத்து சிரிப்பாங்க? அத்த சொல்லு.”

“எதுக்குக்கா?”

“எம்மவளுக்குத் தலைப் பிரசவம். கப்பலேறிப் போயி நான் இன்னா பண்ணப் போறேன்? வரலன்னு சொன்னா உம் பொழப்பு போவும். அவரே வேணாம்னு வுட்டுட்டுப் போவட்டும். மஞ்சளு லட்சணமா கீது. கருப்புதான் ஆவாது, நல்ல நாளும் அதுவுமா. இன்னா சொல்றே?”

கோயிலுக்கும் சாவுக்கும் ஒல்லாந்தர் கருப்பு உடுத்துவதை அவள் பார்த்திருந்தாள். விருந்து மண்டபத்துக்குள் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அங்கே வயது வந்த பெண்ணுக்குக் கருப்புப் பட்டுதான் கௌரவம் என்பதும், அந்த மஞ்சளில் போய் நின்றால்தான் கூத்தாடி என்று சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

“கருப்புதான்க்கா. சாவு வூட்டுக்குப் போடறது. பார்த்ததும் மொகத்தத் திருப்பிப்பாங்க” என்றேன். சொல்வதற்கு யோசிக்கக்கூட இல்லை.

திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த உள்சட்டையை வேலைக்காரி முதுகில் இழுத்துக் கட்டியபோது அக்கா மூச்சுக்குத் திணறிக்கொண்டே சிரித்தாள். “வலைல சிக்கின நண்டாட்டம் கீறேன் பாரு. ஒரு ராத்திரிதான, போவட்டும்.”

விருந்தில் நான் வாசலோரம் நின்றிருந்தேன். அவள் உள்ளே வந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பட்டு அமாவாசை ஏரி போல அசைந்தது. கருத்த தோளும் காதோரத்து நரையும் அதற்கென்றே படைத்ததுபோல் இருந்தன. மண்டபம் அடங்கியது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்புக்காகக் காத்திருக்கிறாள் என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரியும். கோட்டைத் தலைவர் எழுந்து வந்து, தலை தாழ்த்தி, அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலிக்கு அழைத்துப் போனார். அதிகாரியின் முகம் பூரித்துவிட்டது. அக்கா உட்காருமுன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்போதும் அவள் தட்டைக் கவிழ்த்திருக்கலாம், ஏதாவது கலாட்டா செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். சிக்கவைத்தது நான் என்று தெரிந்த பிறகு, யாரிடமிருந்து தப்புவது என்று அவளுக்கு விளங்காமல் போயிருக்கும்.

முகத்துவாரத்தில் படகேறும்போது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, “நல்லாத்தாண்டா பொறுக்கின” என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அங்கிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

நான் துபாசியானேன். அந்தப் பதவியை விட்டு எங்கும் போக எனக்குத் துணிவு வரவில்லை; இந்தக் கோட்டை வாசலிலேயே கிழவனாகிவிட்டேன். இப்போது கப்பல்கள் வருவதில்லை. அக்காவின் மகள், அக்கா போன வயதையும் தாண்டிவிட்டவள், காலையில் எறா கொண்டுவந்து கொடுப்பாள். கொடுக்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள்: “பட்டக் கண்டதும் எங்கம்மா என்ன மறந்துட்டா மாமா.” இன்றும் சொன்னாள். துண்டு என் கையில் இருந்தது.

“இன்னா மாமா கைல?”

“ஒண்ணுமில்ல. பழைய துணி.”

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன். துண்டு மறுபடி எழுதுபெட்டியின் அடியில் கிடக்கிறது. நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதினேன்.