கோழிகளிடம் சொன்னது

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குழம்புக்கென்று வாங்கிய கோழி என் வயர்கூடைக்குள் முட்டையிட்டது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

எங்கள் ஊருக்கு அவ்வப்போது முட்டைக்கோழி வண்டி வரும். பண்ணையில் கம்பிக் கூண்டுக்குள் நின்றபடியே வருடக்கணக்கில் முட்டையிட்ட கோழிகளை, இனி இதனிடம் ஒன்றும் தேறாது என்று முடிவானதும் மினி லாரியில் ஏற்றி, மைக் போட்டுத் தெருத்தெருவாக விற்பார்கள். அன்றைக்கு என் கணவரின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் சீர்காழியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. “நல்ல கோழியா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா. மாப்பிள்ளை ஒரு மாசமா நாக்கு செத்துப்போயிக் கெடக்கறாரு” என்று என் கணவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

உயிரோடு வாங்கிக் கூடையில் வைத்து நடந்து வந்தேன். வாய்க்கால் மதகைத் தாண்டும்போது கோழி ஒரு மாதிரி முனகியது. குனிந்து பார்த்தால், அதன் வயிற்றுக்கடியில் சூடாக ஒரு முட்டை.

நான் இளகிய மனசுக்காரி இல்லை. முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். வீரிட்டு அழுகிற பிள்ளைகளைத் தொங்குதராசில் மாட்டி, அழுகை நிற்கும்வரை காத்திருந்து எடை போட்டவள். ஆனால் அந்த முட்டையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றும் தேறாது என்று கழித்துக்கட்டிய உயிர், கழுத்தறுபடப் போகிற வழியிலும் தன் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அறுபது ஆகிவிட்டதென்று மாலை போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பியும் அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வந்த வழியே திரும்பிப்போய், வண்டியில் மீதமிருந்த ஆறு கோழிகளையும் வாங்கினேன்.

ஒன்றையும் அறுக்கவிடவில்லை. ஒரு மாதம் சாம்பார் சாப்பிட்டவர்களுக்கு மறுபடியும் சாம்பார் ஊற்றினேன். கூடையில் கிடைத்த முட்டையை மாப்பிள்ளைக்கு ஆம்லெட் போட்டு இலையில் வைத்தேன். அதை என் கணவர் நக்கல் என்று எடுத்துக்கொண்டார். பாதி நக்கல்தான். அவர்கள் பஸ் ஏறிப் போன நிமிடத்திலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தமே இருக்காது. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் கேஸ் சிலிண்டரிடம் சொல்வோம், டிவியிடம் சொல்வோம். “யாருக்கோ மாத்திரை தீந்துபோச்சாம்” என்று அவர் ஃபேனைப் பார்த்துச் சொன்னால், நான் மறுநாள் மாத்திரை வாங்கி வைத்துவிடுவேன். கல்யாணமான நாளாக இப்படித்தான், இதிலே ஒரு குறையும் இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பேசவில்லையே தவிர, கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்திலும் வேலை சுத்தமாக இருக்கும். மாடு இல்லாமல் கிடந்த கொட்டகையில் பழைய மரப்பீரோவைப் படுக்கவைத்து, முன்னால் வலைக்கதவு போட்டு, உள்ளே ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினார். மில்லிலிருந்து உமி கொண்டுவந்து நான் பரப்பினேன். சொல்லிக்கொள்ளாமலே வேலையும் பிரிந்தது. விடியற்காலையில் திறந்துவிட்டு நெல் இறைப்பது அவர். பொழுது சாய்ந்ததும் அடைப்பது நான்.

அடைப்பது அவ்வளவு லேசாக இல்லை. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகள் வெளிச்சம் மங்கியதும் தானாக வரிசை கட்டிப் பஞ்சாரத்துக்குப் போய்விடும். இவற்றுக்குச் சாயங்காலம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கொல்லையில் எரிகிற பல்புக்கடியில் போய் மொத்தமாக நின்றன. பல்பை அணைத்தேன். நின்ற இடத்திலேயே, சேற்றிலேயே, தூறலிலேயே உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, நெஞ்சில் அணைத்துத் தூக்கிப்போய் மூங்கிலில் வைத்தேன். பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை. கம்பியிலேயே நின்று நகமெல்லாம் நீளமாக வளைந்திருந்தது. தொப்பென்று விழுந்தன. கடைசியில் மூங்கிலை விட்டுவிட்டு, உமிமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன். இருட்டுக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சன்னமாக ஏதோ பேசிக்கொண்டன. எனக்கும் அந்த வீட்டில் வேறு பேச்சுத்துணை இல்லை, கொசுக்கடியில் கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கூடையில் முட்டையிட்டதைக் கடைசியாகத்தான் தூக்குவேன். கழுத்தில் ஒரு இறகு கிடையாது, கொண்டை வெளுத்துச் சாய்ந்திருக்கும். அதைக் கூடைக்கோழி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே அதனிடம், “ஒன்ன யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க, நான் இருக்கேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மற்ற ஆறும் எப்படிப் போனாலும், இதைக் காப்பாற்றிக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். சாம்பார் ஊற்றியதற்கு நியாயம் வேண்டாமா?

அது என்னோடு ஒட்டிக்கொண்டது. பாத்திரம் துலக்கப் போனால் பின்னாலேயே வரும். துணி உலர்த்தினால் காலடியில் நிற்கும். உட்கார்ந்தால் என் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, கையையே பார்க்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். “டீச்சர்கிட்ட எவ்ளோ பாசமா இருக்கு பாருங்க!” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் கொல்லைக் குழாயடியில் இருந்தேன். என் கணவர் கோழிகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “போட்ட நெல்லு போட்டபடியே கெடக்குது. மைனாதான் வந்து தின்னுட்டுப் போவுது. பெரிய எடத்துக் கோழிங்களுக்கு எங்க வூட்டு நெல்லு எறங்கல போலருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே கோழிகளைப் பார்த்தே பதில் சொன்னேன்: “அதது வயித்துக்கு எவ்ளோ வேணுமோ அதது தின்னுக்கும். வந்ததுங்க சாப்பாட்ட யாரும் ஒக்காந்து கணக்கெடுக்க வேணாம்.”

அவர் நெல் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். வென்றுவிட்டோம் என்று எனக்குத் திருப்தி.

நான்காம் நாளோடு முட்டை நின்றது. பாவம், இவ்வளவு காலம் போட்டதற்கு ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், தூக்கும்போது திமிறுவது குறைந்தது. கையில் லேசாக இருந்தன. பயம் தெளிந்துவிட்டது, உடம்பை இறுக்கிக்கொள்வதில்லை, அதனால்தான் லேசாகத் தெரிகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மீந்த சோற்றைப் போட்டபோது மட்டும் ஏழும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இதுகளுக்கு நெல்லைவிடச் சோறுதான் ருசி போல என்று சிரித்தேன். நெல் விளைகிற ஊரில் பிறந்த எனக்கு, நெல்லைத் தின்ன முடியாத கோழி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. அடைக்கப் போனேன். பல்புக்கடியில் ஒன்றுகூட இல்லை. ஏழும் கூட்டு வாசலிலேயே இருந்தன. கதவைத் திறந்ததும், நான் தொடாமலே, ஒவ்வொன்றாக உள்ளே போய் உமியில் உட்கார்ந்தன. கூடைக்கோழியும் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சண்டை, வீம்பு எல்லாம் மறந்துபோய், “என்னங்க! இங்க ஓடியாங்க! தானா அடைஞ்சிடுச்சுங்க!” என்று கத்தினேன்.

அவர் டார்ச்சோடு வந்தார். குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “இதுங்க காலையில தொறந்துவுட்டதுலேருந்து வாசல வுட்டு நகரவே இல்ல. நடக்கத் தெம்பில்லாமத்தான் உள்ள போயிருக்குதுங்க” என்றார். கூடைக்கோழியைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். பொழுது சாயும்போது கெட்டியாக, உருண்டையாக இருக்கவேண்டிய இடம்.

“எரப்பையில ஒண்ணுமே இல்ல.”

ஏழையும் பார்த்தார். ஏழிலும் இல்லை.

உள்ளங்கையில் நாலு நெல்லை வைத்து நீட்டினார். கூடைக்கோழி கொத்தியது. நெல் அப்படியே இருந்தது. மறுபடி கொத்தியது. நெல் நகர்ந்தது, வாய்க்குள் போகவில்லை. டார்ச்சை முகத்தருகே கொண்டுபோனார். மேலலகு பாதியில் நறுக்கப்பட்டிருந்தது, கீழலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே சுட்டு நறுக்கிவிடுவார்களாம். ஆழமான தொட்டியில் குவிந்திருக்கும் தீவனத்தை அள்ளித்தான் அவற்றால் தின்ன முடியும். தரையில் கிடக்கிற ஒற்றை நெல்லை எடுக்க முடியாது. அந்த அலகை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். ஜாதியே இப்படிப் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

“நான் அன்னைக்கே சொன்னேனே, நெல்லு போட்டபடியே கெடக்குதுன்னு” என்றார்.

“எங்கிட்டயா சொன்னீங்க?”

“வேற யாருகிட்ட சொன்னேன்?”

அவரிடம் பகல் இருந்தது, என்னிடம் சாயங்காலம் இருந்தது. இரண்டையும் சேர்த்து யாராவது ஒருவர் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூன்றாம் நாளே தெரிந்திருக்கும்.

தவிட்டில் பழைய சோற்றைப் பிசைந்து ஆழமான சட்டியில் வைத்தோம். ஐந்து கோழிகள் கண்வரை முகத்தைப் புதைத்து அள்ளித் தின்றன. இன்னொன்று உமியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கூடைக்கோழிக்கு நான் விரலில் எடுத்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கியது. மூன்றாவது வாய் அலகோரத்தில் வழிந்தது. மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே இருந்தேன், அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். விடிவதற்குள் அந்த இரண்டும் போய்விட்டன. மறுநாள் இன்னொன்று. தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் அவர் குழி வெட்டினார்.

அங்கன்வாடியில் எத்தனை தாய்மார்களைக் கடிந்திருக்கிறேன்! “புள்ள சாதுவா இருக்குன்னு சந்தோஷப்படாதம்மா, சாப்புடுதான்னு பாரு” என்று. தராசே வேண்டாம், தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். ஏழு உயிரை ஒன்பது நாள் இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன்.

மிச்சமிருக்கிற நான்கும் இப்போது தேறிவிட்டன. இருட்டத் தொடங்கினால் தானாக உள்ளே போகின்றன, ஒன்று மூங்கிலில்கூட ஏறுகிறது. நான் ஒவ்வொன்றின் இரைப்பையையும் தொட்டுப் பார்த்து, “ரொம்பிருக்கு” என்று சத்தமாகச் சொல்வேன். அவர் உள்ளேயிருந்து, “சரி” என்பார். இப்போது எதுவானாலும் நேராகவே சொல்லிக்கொள்கிறோம், திட்டுவதானாலும்.

ஆனால் பாத்திரம் துலக்க உட்காரும்போதெல்லாம் பாதத்தின்மேல் அந்தக் கனம் ஞாபகம் வருகிறது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பாசம் என்று ஆள் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பது நாளும் அது என்னிடம் சோறு கேட்டிருக்கிறது.