எலன் கட்டிய மாப்பிள்ளை

போன கிழமை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய சாமான் கடையில் கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரி. ஆனால் கொலரிலிருந்து எழும்பிய பூச்சி உருண்டை மணம் என்னை அப்படியே பிளேஸ்டோவுக்கு, மிசிஸ் ஹார்ட் வீட்டுப் படிக்கட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்காரப் பெண் என்ன நினைத்தாளோ.

அந்த வீட்டில் திரைச்சீலைகூட அப்படித்தான் மணக்கும். மேல்மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த சிவம் அண்ணை, மற்றதில் நான். எண்பதுகளின் கடைசி. கறி மணக்கும் என்று எங்களுக்குக் கதவு திறக்காத வீடுகள் எத்தனையோ. மிசிஸ் ஹார்ட் மட்டும் வாசலில் நின்று, எந்த ஊர் என்று கேட்டா. யாழ்ப்பாணம் என்றேன். மனுசியின் முகம் மலர்ந்துபோச்சுது. "அப்படியென்றால் நீ எனக்குச் சொந்தமாகவும் இருக்கலாம்" என்றா.

எழுபது வயது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் போய்விட்டார்கள். அவவின் பாட்டாவுக்கு எலன் என்று ஒரு அக்கா. இதே பிளேஸ்டோவில் தையல் வேலை செய்தவ. விக்டோரியா மகாராணி காலத்தில் கப்பலேறி, யாழ்ப்பாணப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தையல் படிப்பிக்கப் போனவ. கொஞ்சக் காலம் தாய்க்குக் கடிதம் வந்ததாம். கடைசிக் கடிதத்தில் எலன் என்ற பெயருக்குக் கீழே புதுப் பெயர் ஒன்று இருந்ததாம். அங்கே யாரையோ கட்டிவிட்டாள் என்று, தகப்பன் குடும்பப் பைபிளிலிருந்து மகளின் பெயரை வெட்டிவிட்டார். மாப்பிள்ளையின் பெயர், மிஸ்டர் பொய்ட்டவேரன்.

"அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் இருக்கும். தேடிப் பிடித்தால் நான் தனி ஆளில்லை" என்று மிசிஸ் ஹார்ட் சொல்லும்போது, அவர்கள் அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி இருக்கும்.

"பொய்ட்டவேரன் எண்டு எங்கட ஆக்களில ஆரடா?" என்று சிவம் அண்ணை யோசித்தார். "பறங்கியாயிருக்கும்."

"ஓம் அண்ணை, போர்த்துக்கீசப் பேர் மாதிரித்தான் கிடக்கு."

"ஆரெண்டாலும் சொந்தமெண்டே சொல்லிக்கொண்டிரு. அறை தப்பும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டு வருவார்கள். படித்தவன் என்ற அந்தத் தடிப்பு லண்டனிலும் போகவில்லை. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, ஊருக்கெல்லாம் எழுதினேன். என்னைப் பெற்ற ஐயா அடுத்த வீட்டாரைக் கொண்டு பதில் எழுதுவித்திருந்தார்: அப்படி ஒரு பரம்பரை இந்தப் பக்கத்தில் கிடையாது, நீ ஒழுங்காகச் சாப்பிடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிசிஸ் ஹார்ட் அந்தக் கடிதத்தையே எடுத்துவந்தா. மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. கடைசி வரியில், இங்கிலீஷ் எழுத்தில், அந்தப் பெயர். நான் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். பொ... யிட்டு... வாரன்.

சிவம் அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "டேய். அது போயிட்டு வாறன்."

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. சிரித்தது காணாதென்று விளக்கமும் சொன்னேன். இது ஆளின் பெயரில்லை, விடைபெறும்போது நாங்கள் சொல்லுகிற சொல் என்று.

"அப்படியென்றால் ஆளே இல்லையா?" என்று கேட்டா.

"இல்லை."

"பிள்ளைகளும்?"

கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போனா. நாலு நாள் கீழே ரேடியோச் சத்தம் கேட்கவில்லை.

"உனக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே? மனுசிக்கு இருந்த ஒரேயொரு சொந்தத்தையும் முடிச்சுப்போட்டியே" என்றார் சிவம் அண்ணை.

"நீங்கள்தானே அண்ணை முதல் சொன்னது."

"நான் தமிழிலயெல்லோ சொன்னனான். இங்கிலீசில விளங்கப்படுத்தினது ஆர்?"

ஐந்தாம் நாள் அவவே வந்து கதவைத் தட்டினா. அந்தச் சொல்லை யாருக்குச் சொல்லுவீர்கள் என்று கேட்டா. வீட்டிலிருப்பவர்களுக்கு என்றேன். வெளிக்கிடும்போது வெறுமனே 'போறன்' என்று சொல்லக்கூடாது, திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், நானும் அம்மாவுக்கு அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

கையோடு கொண்டுவந்த கடிதத்தை விரித்தா. அதன் மேல்பகுதியில், பக்கத்து ஊரில் வாந்திபேதி என்றும் அங்கே படுத்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போவதாகவும் எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் பெயரைக் கண்டபிறகு அந்தப் பகுதியை அந்த வீட்டில் ஒருவரும் இரண்டாந்தரம் வாசிக்கவில்லை.

"ஆக, தாய்க்கு வருவேன் என்றுதான் எழுதியிருக்கிறாள்" என்றா மிசிஸ் ஹார்ட். கொஞ்சம் பொறுத்து, "வீட்டிலிருப்பவர்கள் அதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?"

"போயிட்டு வா."

"அதை எலனுக்கு ஒருவரும் சொல்லவில்லையே."

பைபிளை எடுத்துவந்து என் கட்டிலில் வைத்தா. வெட்டுக்குப் பக்கத்தில் எலனின் பெயரை முழுதாக எழுதினா. பிறகு பேனையை என்னிடம் நீட்டினா. பெயருக்குக் கீழே, தமிழில், அந்தப் பதிலின் இரண்டு சொல்லையும் எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவ புத்தகத்தை மூடினா.

சில வருடங்களில் அவ காலமானா. அப்போது நான் மனோர் பார்க்குக்கு மாறியிருந்தேன். கேள்விப்பட்டுப் போனபோது, வீட்டைத் துப்புரவாக்கும் லொறி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சிவம் அண்ணையும் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த வீடு இப்போது நாலு பிளாட். பைபிள் எங்கே போனதென்று லொறிக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். புத்தகங்களைப் பார்த்துப் பிரிப்பதில்லை என்றார்கள். எலன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.