தேமலும் மாதா கோயில் எண்ணெயும்

எழுத்து எனக்குப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை முடித்துக்கொண்டவள். நாலு பேர் கூடியிருந்தால் வாயைத் திறக்கவே தயங்குகிறவள். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று யாருக்காவது தோன்றினால் அதில் தப்பில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் பூஞ்சைகளின் வகைப்பாட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பூஞ்சைகள் செடியினம் இல்லையாம், தனி இனமாம். அது எனக்கு ஆறாவது படிக்கும்போதே தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது பாலக்கரையில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தார். அத்தைக்கு இருபத்தாறு வயது. இரண்டு இடங்கள் கைகூடாமல் போய், மூன்றாவதாக எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து என் இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. மிளகளவில் ஆரம்பித்து, ஒரு மாதத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஆகிவிட்டது.

மீனையும் தயிரையும் ஒரே வேளையில் சாப்பிட்டதால் வந்த வினை என்றார் அம்மா. வந்திருக்குமோ என்று பயந்த நோயின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. 'அது' என்றார்கள். 'அது' ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் குசுகுசுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்தெருவில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவானது. கேசரி கிண்டும் நாளில் வெளியே போகச் சொல்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

வைத்தியமும் நடந்துகொண்டுதான் இருந்தது. மாதா கோயிலில் வைத்து ஜெபித்துக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை அம்மா காலையும் மாலையும் என் கன்னத்தில் சிலுவை போட்டுப் பூசினார். பூசப் பூசத் திட்டு பெரிதானது. விசுவாசம் போதவில்லை என்று நினைத்து அம்மா இன்னும் தாராளமாகப் பூசினார்.

அத்தைக்கு வேறு வழி இருந்தது. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு கோழி இறகால் கன்னத்தைத் தொடுவார். எங்கே தொட்டேன் என்று கேட்பார். தொழுநோய் என்றால் திட்டு மரத்துப்போயிருக்கும், அதனால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது தெரியாமல், நான் அதை விளையாட்டு என்று நினைத்து ஒருமுறைகூடத் தோற்காமல் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அத்தை என்னை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னார். பாலக்கரையிலேயே டாக்டர் இல்லையா என்று அம்மா கேட்டதற்கு, "ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க அண்ணி" என்றார்.

தோல் டாக்டர் வயதான அம்மாள். வைர மூக்குத்தியும் நெற்றியில் ஸ்ரீசூர்ணமுமாக இருந்தார். சின்னக் கத்தியால் என் கன்னத்தைச் சுரண்டி, விழுந்த பொடியைக் கண்ணாடித் துண்டில் தட்டி, ஏதோ ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். உடைந்த இடியாப்பத் துண்டுகளும், அவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாக ஜவ்வரிசியும் தெரிந்தன.

"பயப்படாதேங்கோ. வெறும் தேமல். ஒரு பூஞ்சை பண்ற வேலை. எல்லார் தோல்லயும் கொஞ்சம் இருக்கறதுதான். வெயில், வேர்வை ஜாஸ்தியானா பெருகிடும்" என்றார்.

"அப்ப அது இல்லீங்களா டாக்டர்?" என்றார் அத்தை.

எது என்று டாக்டர் கேட்கவில்லை. "அது இல்லே" என்றார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. பூஞ்சை என்பது பச்சையம் இல்லாத செடி என்று அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். செடி என்றால் வேர் இருக்குமே, அது பல்வரைக்கும் போயிருக்குமோ என்று பயம். என் வாழ்க்கையிலேயே பெரிய துணிச்சலாக அதை டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

"செடியே இல்லடிம்மா. முன்னே செடியோட சேர்த்து வெச்சிருந்தா, இப்போ தனியாப் பிரிச்சாச்சு. வேர் கிடையாது, தானா சமைச்சுக்கவும் தெரியாது. அதுக்காகப் பிராணியும் இல்லே. அடுத்தாத்துச் சாப்பாட்டுல காலம் தள்ற தனிக் கூட்டம்."

"என்ன சாப்பிடும்?"

"தோல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்குதான்."

அம்மா தினமும் எண்ணெய் பூசுவதைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு வேளையும் விருந்துன்னா போட்டிருக்கேள்!"

அத்தை சிரிக்கவில்லை. கிளம்புவதற்காக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "பெரியவங்களுக்கும் இது வருங்களா? முதுகுல, திட்டுத் திட்டா?" என்று மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

டாக்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். திரையை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பசுமாடு வாழைத்தோல் தின்று முடிக்கும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். அத்தை வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஊசி போட்டார்களா, வலித்ததா என்று கேட்டேன்.

"ஆமாடா, ரொம்ப வலிச்சுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கண்ணீர் காற்றில் என் கைமேல் தெறித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஊசி போட்ட கதையை வீட்டில் சொல்லக் கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் என் தேமலைப் பற்றி மட்டும் சொன்னார். திட்டு மறைந்து பழைய நிறம் வரச் சில மாதம் ஆகும், ஆனால் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை என்றார். அம்மா எண்ணெய்ப் புட்டியை மாதா படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்துவிட்டு வந்து, "எண்ணெய் நல்ல எண்ணெய்தான். அதான் பூஞ்சைக்கும் புடிச்சிருக்கு" என்றார். அப்பா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு வைத்தியம் பார்க்கத்தான் அத்தை ஆற்றைத் தாண்டினார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக ரவிக்கைக்குள் ஒரு பயத்தை மூடிவைத்துக்கொண்டு, வரன் அமையாமல் போன ஒவ்வொரு முறையும் அது நல்லதுக்குத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒருத்தி எங்கள் வீட்டில் நடமாடினாள் என்பதும், அவள் முதுகில் இருந்ததும் வெறும் தேமல்தான் என்பதும் பின்னாளில் அத்தையே சொல்லும்வரை எனக்குத் தெரியாது. ஊசி வலித்தால் சிலர் இப்படியும் சிரிப்பார்கள் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்பி குடித்துவிட்டு, கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார்கள்.