முகம் தெரிகிற படம்

எங்கள் வீட்டில் ஒரு படம் நல்ல படமா இல்லையா என்பதற்கு ஒரே விதிதான் இருந்தது: முகம் தெரியக்கூடாது. பிறந்தநாள் படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். ஆனால் ஒஸ்லோ நகர நடுவில் எங்கள் ஆட்கள் ஊர்வலம் போகும் நாட்களில், கமராவோடு யாராவது எதிரே வந்தால் அப்பா என் தோளில் தட்டுவார்.

"பிள்ளை, அட்டையைத் தூக்கு."

நான் கையிலிருந்த பதாகை அட்டையால் முகத்தை மறைத்துக்கொள்வேன். வரிசையில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். எங்கள் முகத்தால் ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குக் கரைச்சல் வந்துவிடக் கூடாது என்ற பயம். எனக்கு அது ஒளித்துப் பிடித்து விளையாட்டு. பெரியவர்கள் இவ்வளவு கவனமாக விளையாடுகிறார்களே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சமாதானப் பேச்சு முறிந்து, ஊரில் மறுபடியும் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கிய காலத்தில் அம்மாவின் தங்கை எங்களிடம் வந்து சேர்ந்தார். சித்தப்பா கூட வரவில்லை. வாத்தியாராக இருந்த அவரை வீட்டுக்கு வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். 'அந்தப் படம் மட்டும் வராட்டி' என்று அப்பா தொடங்கினால், பசிக்காதவர்களுக்கும் அம்மா சோறு போட எழுந்துவிடுவார் என்பதும் தெரியும். எந்தப் படம் என்றுதான் தெரியாது.

சித்தி பெரும்பாலும் ஜன்னலருகே இருப்பார். நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட்தான் ரயிலின் கடைசித் தரிப்பு. ஏறியவர் எவரானாலும் அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கி வருகிறவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பார். நவம்பரில் பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். அதற்குப் பிறகும் பார்ப்பார். அந்த வீட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்த ஞாபகம் இல்லை.

அந்த நவம்பரில்தான் வகுப்பில் ஆசிரியை எனக்கு ஒரு படம் தந்தார். அமெரிக்காவில் பல காலத்துக்கு முன் எடுத்தது. கறுப்பர்களுக்குச் சாப்பாடு தர மறுத்த ஒரு கடையில், சில கறுப்பின இளைஞர்கள் எழும்ப மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் வெள்ளையர்கள் அவர்கள் தலையில் சீனியைக் கொட்டுகிறார்கள். நடுவில் இருந்தவன் மட்டும் கமராவை நேராகப் பார்க்கிறான். இந்தப் படத்தின் நிறை குறைகளைச் சொல்லி, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டத் தகுந்ததா என்று நான் தீர்ப்பளிக்க வேண்டும்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்று, இது மோசமான படம் என்றேன். எல்லாருடைய முகமும் தெரிகிறது, எடுத்தவர் பின்னால் போய் நின்றிருக்க வேண்டும், அந்தப் பையனுக்காவது ஓர் அட்டை கொடுத்திருக்க வேண்டும் என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த முகம்தான் படத்தின் பலம், அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு வெட்கம் வந்தது, அவன் தன்னை உலகம் பார்க்க வேண்டும் என்றே அங்கே இருந்தான் என்று பொறுமையாகச் சொன்னார்.

புதிய கல்வி கற்ற கையோடு வீட்டுக்கு வந்து, படத்தைச் சித்தியின் மடியில் வைத்து அத்தனையையும் ஒப்புவித்தேன். சித்தி ஆசிரியையின் கருத்தைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நடுவில் இருந்தவனின் முகத்தில் விரலை வைத்தார்.

"இதுக்குப் பிறகு இந்தப் பெடியன் வீட்டை போய்ச் சேர்ந்தவனோ?"

"ரீச்சர் அதைச் சொல்லேல்லை, சித்தி."

"கேட்டுக்கொண்டு வா."

படத்தின் தரத்துக்கும் அவன் வீட்டுக்குப் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார் ஆசிரியை. சில நாள் கழித்து இன்னொரு படம் கொண்டுவந்து தந்தார். அதே ஆள், கிழவராகி, பேரப்பிள்ளைகள் நடுவில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஈரப் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தேன். சித்தியைச் சந்தோஷப்படுத்த ஒரு செய்தி என் கையில் அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

"வீட்டை போய்ச் சேர்ந்தவர், சித்தி! பாருங்கோ!"

சித்தி அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா நரைச்சிருக்கு," என்றார்.

பிறகு எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தார். ஊரில் ஓர் ஊர்வலம். காணாமல் போன மாணவர்களை விடச் சொல்லி வாத்திமார் நடக்கிறார்கள். முன்வரிசையில் சித்தப்பா. பதாகையை நெஞ்சளவில் பிடித்து, எதையோ உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எப்பிடிப் படம்? நீ படிச்சனி, சொல்லு."

நான் ஆசிரியையைப் போலவே படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. கண் நேராகக் கமராவில் இருந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்ல படம், சித்தி. சித்தப்பான்ர முகம் நல்லாத் தெரியுது. ஆர் பாத்தாலும் இவர்தான் எண்டு சொல்லலாம்."

"ஓம்," என்றார் சித்தி. "தேடி வந்தவங்கள் இந்தப் படத்தைத்தான் கையில கொண்டு வந்தவங்கள்."

பத்திரிகையில் படம் வந்த மனிதரின் வீட்டைத் தேடிப் பிடித்து, படத்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர்களைப் பற்றித்தான் அவர் சொல்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். எனக்கு உடனே பாசம் பொங்கியது.

"நல்ல ஆக்கள், என்ன சித்தி," என்றேன்.